பொதுக்குழுவில் நம் நாற்காலி காலியாக இருக்கலாமா?



தெருவைப் பார்த்த தனிக் கட்டடத்தில் கடை வைத்து, பின்கட்டில் குடியிருந்த காலம் ஒன்று உண்டு. இன்று சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று எந்த நகருக்குப் போனாலும் அடுக்குமாடிக் கட்டடத்தின் தரைத்தளத்தில் நம் கடை இருக்கிறது. அதற்கு மேல் மூன்று மாடி, நான்கு மாடி என்று குடித்தனங்கள் இருக்கின்றன. நம்மில் பலர் அந்தக் கடையைக் கிரயத்துக்கு வாங்கிப் பத்திரம் பதிந்தவர்கள். சிலர் அதே கட்டடத்தில் ஒரு பிளாட்டும் வாங்கிப் பிள்ளை குட்டிகளோடு குடியிருக்கிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு வணிகரிடம், "உங்கள் கட்டடத்தில் சங்கம் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். "இருக்கிறது, மேல்மாடியில் ரிட்டையரான ஆபீசர் ஒருவர் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். மாசா மாசம் பணத்தைக் கொடுத்துவிடுவோம். நமக்கு எங்கே நேரம்?" என்பார். உரிமையாளர் சங்கங்களைப் பற்றி நாட்டில் நிலவும் தவறான எண்ணங்கள் எல்லாமே இந்தப் பதிலில் அடங்கியிருக்கின்றன. அது யாரோ ஒருவர் நடத்துவது என்கிறோம். பணம் கொடுத்தால் கடமை முடிந்தது என்கிறோம். கடைக்காரருக்கு அதில் வேலை இல்லை என்கிறோம். மூன்றுமே தவறு. இந்தத் தவறுக்கான விலையை இனி வரும் காலத்தில் நாம் கடையாகவே கொடுக்க நேரிடும் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

சங்கம் என்பது யார்?

செயலாளர் சங்கம் அல்ல. நிர்வாகக் குழுவும் சங்கம் அல்ல. பத்திரம் வைத்திருக்கும் உரிமையாளர்கள் அத்தனை பேரும் சேர்ந்த பொதுக்குழுதான் சங்கம். நிர்வாகக் குழு என்பது பொதுக்குழு நியமித்த கணக்குப்பிள்ளை. கணக்குப்பிள்ளை கெட்டிக்காரராக இருக்கலாம், நேர்மையானவராகவும் இருக்கலாம். அதற்காக முதலாளி பேரேட்டைப் புரட்டிப் பார்க்காமல் விடுவதுண்டா?

நம் மாநிலத்தில் உள்ள அடுக்குமாடி உரிமையாளர் சங்கங்களில் பெரும்பாலானவை 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவானவை. இந்தச் சட்டம் நமக்குப் புதிதல்ல. நம்முடைய வணிகர் சங்கங்கள் பலவும் இதே சட்டத்தின் கீழ்தான் பதிவாகியிருக்கின்றன. ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம், நிர்வாகக் குழுவில் மூன்று பேருக்குக் குறையக் கூடாது, ஒரு குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுக்கு மேல் போகக் கூடாது, ஆண்டுதோறும் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கைப் பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். நம் மார்க்கெட் சங்கத்தில் இருநூறு ரூபாய் வவுச்சருக்கு எழுந்து நின்று கேள்வி கேட்கிறோம். மே 5 வணிகர் தின மாநாட்டுக்கு வேன் பிடித்துப் போகிறோம். ஆனால் சொந்தக் கட்டடத்தின் பொதுக்குழுவுக்கு ஒரு மாடிப்படி ஏறிப் போக நமக்கு நேரம் இல்லை.

அதே சட்டத்தில் இன்னொன்றும் இருக்கிறது. உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவர்கள் சேர்ந்து விண்ணப்பித்தால், சங்கத்தின் நிர்வாகத்தையும் நிதிநிலையையும் பற்றிப் பதிவாளர் விசாரணை நடத்தலாம். பத்து வருடமாக ஒரே ஆள் செயலாளர், கணக்கே காட்டுவதில்லை என்று டீக்கடையில் அங்கலாய்க்கிறவர்களுக்குச் சட்டம் ஒரு வழியை வைத்துத்தான் இருக்கிறது. பக்கத்துக் கதவைத் தட்டி மூன்றில் ஒரு பங்குக் கையெழுத்தைச் சேர்ப்பது நம் வேலை.

"நான் லிப்ட்டில் ஏறுவதில்லையே!"

தரைத்தளக் கடைக்காரர் சொல்லும் முதல் வாதம் இது. லிப்ட் எனக்கு எதற்கு, மொட்டைமாடி எனக்கு எதற்கு, நான் ஏன் பராமரிப்புப் பணம் கொடுக்க வேண்டும் என்கிறார். கேட்பதற்கு நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் நம் கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கடையின் சதுர அடியோடு, கட்டடம் நிற்கும் மனையில் பிரிபடாத பாகம் இவ்வளவு என்று எழுதியிருக்கும். அதாவது முழு மனையிலும் நமக்குப் பங்கு இருக்கிறது. பங்கு இருக்கிற இடத்தில் பொறுப்பும் இருக்கும். லாபத்தில் மட்டும் பாகஸ்தர், நஷ்டத்தில் இல்லை என்று எந்தக் கூட்டு வியாபாரத்தில் சொல்ல முடியும்?

பங்கு எவ்வளவு என்பதில் வேண்டுமானால் வாதாடலாம். சதுர அடிக் கணக்கா, ஆளுக்கு ஒரே தொகையா, கடைக்குத் தனி விகிதமா என்பதைப் பத்திரமும் சங்கத்தின் துணைவிதியும், அதாவது நாம் பைலா என்று சொல்வதும், பேச வேண்டும். அதை மாற்ற வேண்டுமென்றால் பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவந்து மாற்ற வேண்டும். பணத்தை நிறுத்திக்கொள்வது வாதம் ஆகாது. பாக்கி வைத்தவர் பொதுக்குழுவில் எழுந்து பேசினால் சபையில் எடுபடாது. கடன் வைத்த வாடிக்கையாளர் சரக்கில் குறை சொன்னால் நாம் எப்படிக் கேட்டுக்கொள்வோமோ, அப்படித்தான் அவர்களும் கேட்டுக்கொள்வார்கள்.

கடை வேறு, அடுக்குமாடி வேறு என்ற எண்ணத்தையும் விட்டுவிட வேண்டும். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், அதாவது ரெரா, அடுக்குமாடி என்பதற்குச் சொல்லும் விளக்கத்தில் குடியிருப்பு, அலுவலகம், ஷோரூம், கடை, கிடங்கு எல்லாவற்றையும் ஒன்றாகவே சேர்த்திருக்கிறது. ஆகவே கடையை வாங்கியவரும் முழு உரிமையாளர்தான். சங்கம் அமைப்பதில் பங்கெடுக்க வேண்டியது வாங்கியவரின் கடமை என்றும் அதே சட்டம் சொல்கிறது.

கட்டியவர் சங்கம் ஆகமாட்டார்

புதுக் கட்டடங்களில் வேறொரு குழப்பம் இருக்கிறது. கட்டிக் கொடுத்த பில்டரே பராமரிப்புப் பணத்தை வாங்கிக்கொண்டு, அவரே காவலாளி வைத்து, அவரே சங்கம் போல நடந்துகொள்கிறார். சங்கம் பொறுப்பேற்கும் வரை அத்தியாவசிய வசதிகளை நியாயமான கட்டணத்தில் தரவேண்டியது அவர் பொறுப்புத்தான். ஆனால் அது இடைக்கால ஏற்பாடு. வாங்கியோரில் பெரும்பான்மையோர் பதிவு செய்த மூன்று மாதத்துக்குள் சங்கம் அமைய அவர் வழி செய்ய வேண்டும் என்பது ரெராவின் விதி. பொதுப் பகுதிகளையும் அவற்றுக்கான ஆவணங்களையும் அவர் சங்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து நாம் தெரிவித்தால், 30 நாளுக்குள் தம் செலவில் சரிசெய்து தரவும் வேண்டும்.

இதையெல்லாம் ஒவ்வொரு உரிமையாளரும் தனித்தனியாகப் போய்க் கேட்பதைவிடச் சங்கமாகப் போய்க் கேட்டால் காரியம் சீக்கிரம் நடக்கும். நாம் சங்கம் சேராமல் கழியும் ஒவ்வொரு மாதமும் அந்த ஐந்து ஆண்டில் ஒரு மாதம் குறைகிறது என்பதை மறக்க வேண்டாம்.

சங்கம் சர்க்கார் அல்ல

சங்கத்தை ஒன்றுமில்லை என்று நினைப்பது ஒரு தவறு. அதை அரசாங்கம் என்று நினைப்பது மறு தவறு. இரண்டாவது தவறைச் செய்வோர் பெரும்பாலும் நிர்வாகக் குழுவில் இருப்பவர்கள்.

வரிசை இதுதான். முதலில் நாட்டின் சட்டம். அடுத்துப் பத்திரம். அதன் கீழே துணைவிதி. அதற்குக் கீழே பொதுக்குழுத் தீர்மானம். கடைசியில்தான் செயலாளர் நோட்டீஸ் போர்டில் ஒட்டும் சுற்றறிக்கை. கீழே இருப்பது மேலே இருப்பதை மீற முடியாது. "நாளை முதல் கடைக்கு வரும் வாடிக்கையாளர் வாசலில் வண்டி நிறுத்தக் கூடாது" என்று ஒரு சுற்றறிக்கை வந்தால், கோபப்படுவதற்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: இது எந்தப் பொதுக்குழுவில், எந்தத் தேதியில் தீர்மானம் ஆயிற்று? மினிட் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள். பாதிச் சுற்றறிக்கைகள் அந்தக் கேள்வியிலேயே இறங்கிவிடும்.

அதேபோல் கட்டட அனுமதி வரைபடத்தில் கடை என்றே அனுமதி பெற்ற இடத்தைக் கடையாக நடத்தக் கூடாது என்று சங்கம் ஒரு தீர்மானம் போட்டு மூடிவிட முடியாது. ஆனால் இதன் மறுபக்கத்தையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வரைபடத்தில் வண்டி நிறுத்துமிடம் என்று இருப்பதை ஷட்டர் போட்டுக் கடையாகவோ குடோனாகவோ ஆக்கிக்கொண்டால், சங்கமே சம்மதித்தாலும் அது சட்டப்படியானதாகிவிடாது. தரைத்தள வண்டி நிறுத்துமிடம் பொதுப் பகுதி, அதைக் கட்டியவர் தனியாக விற்க முடியாது என்று மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. திறந்தவெளி வண்டி நிறுத்துமிடமும் மொட்டைமாடியும் பொதுப் பகுதி என்று ரெரா சட்டமே சொல்கிறது. ஆகவே விலை மலிவாக வருகிறதே என்று அப்படிப்பட்ட இடத்தை வாங்கிக் கடை போட நினைக்கும் நண்பர்கள் வரைபடத்தைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

வாடகைக்குக் கடை நடத்துவோர் நிலை வேறு. துணைவிதியில் வேறுவிதமாக எழுதியிருந்தாலொழிய, ஓட்டு உரிமையாளருக்குத்தான். பராமரிப்புப் பணத்தை வாடகைக்காரர் கொடுத்தாலும் சங்கத்தில் உறுப்பினர் அவர் அல்ல. ஆனாலும் அவர் கேட்பாரற்றவர் ஆகிவிடமாட்டார். 2017இல் இயற்றி 2019இல் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், உரிமையாளரோ அவருக்காகச் சொத்தைப் பார்த்துக்கொள்பவரோ வாடகைதாரரின் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்கிறது. ஒப்பந்தம் போடும்போதே பராமரிப்புப் பணம் யார் பொறுப்பு, பொதுக்குழுவில் நம் குறையை யார் எடுத்துச் சொல்வது என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மகமை தெரிந்த நமக்கு இது கடினமா?

பராமரிப்புப் பணம் என்றாலே, யாரோ நம்மிடம் லாபம் பார்க்கிறார்கள் என்ற சந்தேகம் வருகிறது. மகமை கொடுத்து வளர்ந்த சமூகம் நாம். மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த மகமைப் பணத்தில் கோயிலும் சத்திரமும் பள்ளிக்கூடமும் எழுந்த ஊர்கள் தென்மாவட்டங்களில் எத்தனை! காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலா பள்ளி, வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியில் நடந்ததை நம் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அந்தக் காசு ஏன் வீண் போகவில்லை? கொடுத்தவர்கள் கணக்குக் கேட்டார்கள். வாங்கியவர்கள் கணக்குச் சொன்னார்கள். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியை அவர்கள் பேரேட்டில் கடைப்பிடித்தார்கள்.

பராமரிப்புப் பணமும் ஒருவகை மகமைதான். அதில் இரண்டு பகுதி உண்டு. ஒன்று, காவலாளி சம்பளம், பொது மின்சாரம், தண்ணீர் மோட்டார், லிப்ட் சர்வீஸ் என்று மாதா மாதம் கரைந்துவிடுவது. மற்றது, பத்து வருடம் கழித்து வரப்போகும் பெரிய செலவுக்காக எடுத்து வைக்கும் காப்பு நிதி. முதல் பகுதியை எல்லாச் சங்கமும் வசூலிக்கிறது. இரண்டாவதைப் பல சங்கங்கள் மறந்துவிடுகின்றன. ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். 24 உரிமையாளர்கள் மாதம் 500 ரூபாய் காப்பு நிதிக்கு எடுத்து வைத்தால் ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். பத்து ஆண்டில் வட்டி இல்லாமலே 14,40,000 ரூபாய். இதை எடுத்து வைக்காத கட்டடத்தில் லிப்ட் பழுதாகும் அன்று, கூரை ஒழுகும் அன்று, ஒரே மாதத்தில் ஆளுக்கு 60,000 கொடு என்பார்கள். கடையில் சரக்குப் போட வைத்திருந்த முதல் அன்றைக்குக் கூரைக்குப் போய்விடும்.

ஜி.எஸ்.டி.யைப் பற்றியும் வீண் பயம் இருக்கிறது. குடியிருப்புச் சங்கத்தின் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டி, அதோடு ஓர் உறுப்பினரிடம் மாதம் 7,500 ரூபாய்க்கு மேல் வசூலித்தால்தான் பராமரிப்புப் பணத்துக்கு அந்த வரி பற்றிய பேச்சே வருகிறது. 2018 ஜனவரியில் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆக உயர்த்திய வரம்பு இது. சின்னக் கட்டடங்களில் ஜி.எஸ்.டி. என்று சொல்லி யாராவது கூடுதல் பணம் கேட்டால் ரசீதில் பதிவு எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். நாம் பில் போடுகிறவர்கள். நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது?

இதுவரை சொன்னதெல்லாம் சில்லறை விஷயம். மொத்த விஷயம் இனிமேல்தான் வருகிறது.

1980களிலும் 90களிலும் கட்டிய அடுக்குமாடிகள் இப்போது பழையவை ஆகிவிட்டன. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சு ஊரெங்கும் இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடி உரிமைச் சட்டம் இருந்தவரை, ஒருவர் முரண்டு பிடித்தாலும் காரியம் நின்றுபோனது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2022இல் இயற்றிய புதிய சட்டம் 2024இல் நடப்புக்கு வந்தது. இதன்படி உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதித்தால் மறுகட்டுமானத்துக்குப் போகலாம்.

இது மேல்மாடியில் இருக்கும் பெரியவர்களுக்கு நல்ல செய்தி. இடியும் நிலையில் உள்ள கட்டடத்தில் யாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஆனால் நம் கணக்கையும் பார்க்க வேண்டும். 15 பிளாட்டும் 3 கடையும் உள்ள கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 உரிமையாளர்கள். அதில் மூன்றில் இரண்டு பங்கு 12 பேர். மூன்று கடைக்காரரும் வேண்டாம் என்றாலும் காரியம் நடக்கும். புதுக் கட்டடத்தில் கடை தெருவைப் பார்த்து இருக்குமா, பின்பக்கம் போகுமா? கடையே இருக்குமா, அதற்குப் பதில் பிளாட் தருவார்களா? கட்டி முடிக்கும் வரை நம் வியாபாரம் எங்கே நடக்கும், அந்த வாடகையை யார் தருவார்? முப்பது வருடமாகச் சேர்த்த வாடிக்கை என்ன ஆகும்? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரு மாலை நேரத்தில், மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்ட கூட்டத்தில் பதில் முடிவாகும். அன்று நம் நாற்காலி காலியாக இருந்தால் அவர்கள் மேல் குற்றம் சொல்லிப் பயனில்லை.

அந்தக் கூட்டத்தன்று மட்டும் திடீரென்று போய் நின்றாலும் பயனில்லை. பத்து வருடம் பொதுக்குழுவுக்கு வராதவர், நடைபாதையில் வெங்காய மூட்டை அடுக்கியவர், விடியற்காலை லாரி இறக்கித் தூக்கத்தைக் கெடுத்தவர், கழிவைப் பொதுச் சாக்கடையில் தள்ளி எலி வரவழைத்தவர் என்ற பெயரோடு போனால் நமக்காக ஒரு கை உயராது. நல்லெண்ணமும் ஒரு முதல்தான். அதையும் சிறுகச் சிறுகத்தான் சேர்க்க வேண்டும்.

இதே நல்லெண்ணம்தான் பெரிய குடியிருப்புகளின் வாசலிலும் உதவும். அரிசியும் பருப்பும் கொண்டுபோகும் நம் பையன் கேட்டில் காத்து நிற்கிறான், செல்போன் கம்பெனிகளின் டெலிவரி ஆள் சட்டென்று உள்ளே போகிறான் என்று நம்மவர்கள் குமுறுகிறார்கள். யார் உள்ளே வரலாம், எந்த நேரத்தில் வரலாம் என்று ஒழுங்கு செய்யச் சங்கத்துக்கு நியாயம் உண்டு. ஆனால் ஒழுங்கு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். காவலாளியிடம் சண்டை போடுவதில் லாபமில்லை. விதி போடும் அதிகாரம் அவர் கையில் இல்லை. நம் பையன்களுக்கு அடையாள அட்டை கொடுத்து, கடையின் பெயரில் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அங்கே குடியிருக்கும் நம் வாடிக்கையாளர்கள் இரண்டு பேரைப் பொதுக்குழுவில் பேசச் சொல்லுங்கள். உறுப்பினர் பேசினால் சங்கம் கேட்டாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

கடையோ பிளாட்டோ சொந்தமாக வைத்திருக்கும் ஒவ்வொரு வணிகரும் இந்த மாதமே ஐந்து காரியங்களை முடித்துவிடுங்கள்.

ஒன்று, கிரயப் பத்திரத்தை எடுத்துப் பிரிபடாத பாகம் எவ்வளவு என்று பாருங்கள்.

இரண்டு, சங்கம் பதிவானதா, எந்தச் சட்டத்தின் கீழ், பதிவு எண் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய துணைவிதி புதிய சட்டத்தோடு ஒத்துப்போகிறதா என்று மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

மூன்று, துணைவிதியின் நகல் ஒன்று வாங்கி, கல்லாவுக்குக் கீழே வையுங்கள்.

நான்கு, பாக்கி இருந்தால் தீர்த்து, ரசீது வாங்கிக் கோப்பில் போடுங்கள்.

ஐந்து, அடுத்த பொதுக்குழுத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அன்று ஒரு மணி நேரம் பையனிடம் கல்லாவைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நிர்வாகக் குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தால் தயங்காமல் பெயர் கொடுங்கள். வரவு செலவு பார்க்கவும், நான்கு பேரிடம் விலை விசாரித்து வேலை கொடுக்கவும், ஆள் வைத்து வேலை வாங்கவும் நம்மைவிடத் தெரிந்தவர் யார்? கட்டடத்தில் இருப்பவர்களும் அப்படி ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருப்பார்கள்.

தராசைப் பிடித்துப் பழகிய கை நம்முடையது. நம் சொத்தை நிறுக்கும் இடத்தில் அந்தக் கை இல்லாமல் போகலாமா? சிந்திப்பீர்!